பளபளச் சுவரும் எட்டு முழ வேட்டியும்



கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் காரைக்குடிப் பக்கம் நேமத்தான்பட்டியில் எங்கள் வீட்டு வளவு பிள்ளைகளால் நிறைந்துவிடும். அண்ணன் பிள்ளைகள் சென்னையிலிருந்து வருவார்கள். அவர்கள் வந்த சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். இந்த முறை நான் ஊருக்குப் போனபோது ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுபோனேன். எங்கள் ஆத்தாவின் வெற்றிலைப் பெட்டி அளவுதான் இருக்கும். அதன் முகத்தில் ஒரே ஒரு கண்ணாடிக் கண். அதுதான் கையில் எடுத்துச் செல்லும் புரொஜெக்டர்.

"அயித்தை, எந்தச் சுவத்துல காட்டலாம்?" என்று கேட்டாள் ஆறாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகள். கேட்ட கையோடு அவளே பதிலும் சொன்னாள். "முகப்புச் சுவருதான் நல்லா பளபளன்னு இருக்கு. அதுலயே காட்டுவோம்."

எல்லோருக்கும் அது சரியென்று பட்டது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைப் பார்த்திருக்கிறீர்களா? சுண்ணாம்பை நைய அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கடைசிப் பூச்சை வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர் அது. கையை வைத்தால் சில்லென்று இருக்கும். பக்கத்தில் போனால் முகம்கூட மங்கலாகத் தெரியும்.

இருட்டியதும் பெட்டியை இயக்கினோம். படம் வந்தது. ஆனால் நடுவில் உட்கார்ந்த பிள்ளைகள், "கண்ணு கூசுது, நடுவுல வெள்ளையா ஒரு பொட்டு தெரியுது" என்றார்கள். ஓரத்தில் உட்கார்ந்தவர்கள், "எங்களுக்கு மங்கலாத்தான் தெரியுது" என்றார்கள். கால்வலி காரணமாக எப்போதும் ஓரத்துத் தூணில் சாய்ந்தே உட்காரும் ஆத்தா, "எனக்குச் சுவருதான் தெரியுது, படம் சரியாத் தெரியல" என்றார்.

சிறிது நேரம் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "பீரோவுல ஐயாவோட எட்டு முழ வேட்டி இருக்கும். எடுத்துக் கட்டுங்க. அந்தக் காலத்துக் கொட்டகையில துணியிலதான காட்டுவாங்க!"

இரண்டு தூண்களுக்கு நடுவே கயிறு கட்டி, வேட்டியை இரண்டாக மடித்துப் போட்டு, சுருக்கம் இல்லாமல் நாலு மூலையையும் இழுத்துக் கட்டினோம். மறுபடி பெட்டியை இயக்கினோம். நடுவில் இருந்த பொட்டு போய்விட்டது. ஓரத்தில் இருந்தவர்களுக்கும் தெளிவாகத் தெரிந்தது. தூணோரம் இருந்த ஆத்தாவுக்கும் தெரிந்தது.

முட்டை போட்டு மெருகேற்றிய சுவரை ஒரு பழைய வேட்டி எப்படி வென்றது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே புரொஜெக்டரை முழுவதும் புரிந்துகொள்வோம், வாருங்கள்.

ஒளி திரும்பும் விதம்

பந்தை வழவழப்பான தரையில் சாய்வாக எறிந்தால் அது எந்தப் பக்கம் எழும்பும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். எந்தக் கோணத்தில் போனதோ அதே கோணத்தில் மறுபக்கம் கிளம்பும். கருங்கல் ஜல்லி கொட்டிய இடத்தில் எறிந்தால்? ஒரு பந்து இடப்பக்கம் போகும், அடுத்த பந்து வலப்பக்கம் போகும், இன்னொன்று நம் மேலேயே வந்து விழும்.

ஒளியும் அப்படித்தான். மெருகேற்றிய சுவரில் பட்ட ஒளியில் ஒரு பகுதி, கண்ணாடியில் பட்டது போல ஒரே திசையில் திரும்புகிறது. அந்தத் திசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களுக்குக் கண் கூசுகிறது. மற்றவர்களுக்கு அந்த ஒளி போய்ச் சேருவதே இல்லை. இதைத்தான் பாடப்புத்தகம் ஒழுங்கான எதிரொளிப்பு என்கிறது.

வேட்டியை உருப்பெருக்குக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். நூல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கிப் பின்னியிருக்கும். ஒவ்வொரு நூலிலிருந்தும் மெல்லிய பஞ்சு இழைகள் சிலிர்த்து நிற்கும். நம் கைக்கு மிருதுவான துணி, ஒளிக்கு மேடும் பள்ளமுமான காடு. அங்கே போய் விழுந்த ஒளி எல்லாத் திசையிலும் சிதறிக் கிளம்புகிறது. இது ஒழுங்கற்ற எதிரொளிப்பு. பெயரில் 'ஒழுங்கற்ற' என்று இருப்பதால் குறைவாக நினைத்துவிடாதீர்கள். வளவின் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் ஒரே படத்தைப் பார்க்க முடிவது இந்தச் சிதறலால்தான். நீங்கள் படிக்கும் இந்தப் பக்கம் உங்கள் கண்ணுக்குத் தெரிவதும் இதனால்தான்.

எங்கள் வீட்டுத் தரையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறது. அந்தக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றித்தான் செய்வார்கள். காய்ந்து பிரிக்கும்போது, கண்ணாடியின் வழவழப்பைக் கல் அப்படியே வாங்கிக்கொண்டிருக்கும். அதனால் வேட்டியில் ஓடும் படத்தின் நிழலாட்டம் தரையிலும் தெரிந்தது. பிள்ளைகள் தரையில் ஒரு பாயை விரித்தார்கள், அந்த ஆட்டம் மறைந்தது. கோரைப்பாயும் ஒளியைச் சிதறடிக்கும் பொருள்தானே!

சாவித் துவாரத்தில் ஒரு சினிமா

இனி அந்தக் கண்ணாடிக் கண்ணுக்கு வருவோம். மறுநாள் பகலில் பிள்ளைகளை ஓர் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். உள்ளே கும்மிருட்டு. வெளியே வளவு முற்றத்தில் கொளுத்தும் வெயில். கதவின் சாவித் துவாரத்துக்கு முன்னால், ஒரு சாண் தள்ளி, வெள்ளைத் தாளைப் பிடித்தேன். தாளில் முற்றத்துத் தூண்கள் தெரிந்தன. ஆனால் தலைகீழாக! யாரோ முற்றத்தைக் கடந்து கிழக்கே போனார்கள். தாளில் அவர்கள் தலைகீழாக மேற்கே போனார்கள்.

ஒளி நேர்கோட்டில் செல்வதால் வரும் வித்தை இது. தூணின் உச்சியிலிருந்து கிளம்பிய ஒளி, துவாரம் வழியாகச் சரிந்து தாளின் கீழ்ப்பகுதிக்கு வருகிறது. அடியிலிருந்து வந்த ஒளி மேலே ஏறுகிறது. இடப்பக்கத்து ஒளி வலப்பக்கம் போகிறது. துவாரம் சின்னதாக இருப்பதால் உள்ளே வரும் ஒளி கொஞ்சம்தான். துவாரத்தைப் பெரிதாக்கினால் ஒளி கூடும், ஆனால் படம் கலங்கிவிடும். இரண்டையும் சேர்த்துத் தருவது குவிலென்சு. அகலமாக இருந்து நிறைய ஒளியை வாங்கி, அதை வளைத்துத் தெளிவான படமாகவும் ஆக்குகிறது.

புரொஜெக்டரில் நடப்பது இதே கதைதான், திசை மட்டும் மாறுகிறது. சின்னப் படம் பெட்டிக்குள்ளே, பெரிய படம் வெளியே. லென்சைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருகும்போது, உள்ளே இருக்கும் படத்துக்கும் லென்சுக்கும் நடுவேயுள்ள இடைவெளி மயிரிழை அளவு மாறுகிறது. திரை இருக்கும் தூரத்துக்கு அது சரியாகப் பொருந்தும்போது எழுத்துகள் 'பளிச்'சென்று கூர்மையாகின்றன. கூர்மை பார்க்க முகங்களைப் பார்க்காதீர்கள். எழுத்தைத் திரையில் காட்டி, அதைப் பார்த்துத் திருகுங்கள்.

பெட்டிக்குள் நாலு லட்சம் கண்ணாடிகள்

உள்ளே இருக்கும் அந்தச் சின்னப் படம் எதனால் ஆனது? விலை குறைந்த பெட்டிகள் பலவற்றில் திரவப் படிகத் தகடு ஒன்று இருக்கும். பல கைப்பேசித் திரைகளில் இருப்பது போன்றதுதான். அதன் பின்னால் விளக்கு எரியும். வேறொரு வகைப் பெட்டியில் இருப்பதைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். விரல்நகத்தைவிடச் சிறிய சில்லு ஒன்றில் லட்சக்கணக்கான கண்ணாடிகள்!

1987-ல் அமெரிக்காவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த லாரி ஹார்ன்பெக் என்ற இயற்பியலாளர் இதைக் கண்டுபிடித்தார். திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கண்ணாடி. அகலத்தில் 854, உயரத்தில் 480 புள்ளிகள் கொண்ட சிறிய பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்கிப் பாருங்கள்: 4,09,920 கண்ணாடிகள். நம் தலைமுடி ஒன்றின் தடிமனில் ஏறத்தாழப் பத்துக் கண்ணாடிகளை வரிசையாக அடுக்கிவிடலாம்.

ஒவ்வொன்றும் கீல் போட்ட ஜன்னல் கதவு போல, சில பாகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும். இந்தப் பக்கம் சாய்ந்தால் ஒளி லென்சுக்குள் போகும், அந்தப் புள்ளி வெளிச்சமாகும். அந்தப் பக்கம் சாய்ந்தால் ஒளி பெட்டிக்குள்ளேயே வேறு திசையில் போய்விடும், அந்தப் புள்ளி இருளும். அரைகுறை வெளிச்சம் வேண்டுமென்றால்? ஒரு நொடிக்குள் பல ஆயிரம் முறை இப்படியும் அப்படியும் ஆடும். வெளிச்சப் பக்கம் எவ்வளவு நேரம் இருந்ததோ அந்த அளவுக்கு நம் கண்ணுக்குச் சாம்பல் நிறம் வெளுத்துத் தெரியும். திரைப்பட உலகையே மாற்றிய இந்தக் கண்டுபிடிப்புக்காக ஹார்ன்பெக்குக்கு 2015-ல் ஆஸ்கர் விருது கொடுத்தார்கள்.

வண்ணம் எங்கிருந்து வருகிறது? சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எல்.இ.டி. விளக்குகள் மாறி மாறி மின்னுகின்றன. ஒரு கண்ணாடி சிவப்பும் பச்சையும் மின்னும்போது மட்டும் லென்சுப் பக்கம் சாய்ந்தால் அந்தப் புள்ளி மஞ்சளாகத் தெரியும். பெட்டியில் மஞ்சள் விளக்கே கிடையாது. இரண்டு நிறங்களும் அவ்வளவு வேகமாக வருவதால் நம் கண் அவற்றைக் கலந்துவிடுகிறது.

இதை நம்ப மறுத்த என் அண்ணன் மகளிடம் ஒரு சோதனை செய்யச் சொன்னேன். வெள்ளைப் படம் ஒன்றைத் திரையில் நிறுத்தினோம். பெட்டிக்கு முதுகைக் காட்டித் திரையைப் பார்த்து நின்றுகொண்டு, கையை மட்டும் ஒளிக்குள் நீட்டி விரல்களை வேகமாக ஆட்டினாள். வேட்டியில் விழுந்த விரல்களின் நிழல் ஓரங்களில் சிவப்பும் பச்சையும் நீலமும் தனித்தனியாகத் தெறித்தன! கண் கலந்து வைத்திருந்த நிறங்களை அவள் விரல் பிரித்துக் காட்டிவிட்டது.

தூரம் இரண்டு மடங்கு, ஒளி கால் பங்கு

"அயித்தை, பெட்டியை இன்னும் பின்னாடி கொண்டுபோனா படம் பெருசாகும்ல?" என்று கேட்டான் பக்கத்து வீட்டுத் தம்பி. ஆகும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அளவுநாடாவைக் கொண்டுவரச் சொன்னேன்.

எங்கள் பெட்டியைத் திரையிலிருந்து 1 மீட்டர் தள்ளி வைத்தபோது படத்தின் அகலம் 83 சென்டிமீட்டர், உயரம் 47 சென்டிமீட்டர். 2 மீட்டர் தள்ளி வைத்தபோது அகலம் 166, உயரம் ஏறத்தாழ 93. தூரம் இரண்டு மடங்கானதும் அகலமும் உயரமும் இரண்டு மடங்காயின. பரப்பு? நாலு மடங்கு. ஆனால் பெட்டியிலிருந்து வரும் ஒளி கூடவில்லை. ஒரு தட்டுச் சோற்றை நாலு பேருக்குப் பகிர்ந்தது போல, ஒவ்வோர் இடத்துக்கும் கிடைக்கும் ஒளி கால் பங்காகிவிட்டது.

தூரத்தை அகலத்தால் வகுத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஏறத்தாழ 1.2 வரும். ஒவ்வொரு பெட்டிக்கும் இப்படி ஓர் எண் உண்டு, அதன் கையேட்டில் போட்டிருப்பார்கள். அந்த எண் தெரிந்தால், உங்கள் திரையின் அகலத்தால் அதைப் பெருக்கினாலே பெட்டியை எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும். இரண்டாக மடித்த எட்டு முழ வேட்டியில் 1.66 மீட்டர் படம் அடங்கும். 1.66 ஐ 1.2 ஆல் பெருக்கினால் 2 மீட்டர். பெட்டியை அங்கே வைத்துவிட்டோம்.

பெட்டி வெளியே அனுப்பும் ஒளியை லூமென் என்ற அலகில் சொல்வார்கள். கடையில் அட்டைப்பெட்டி மேல் பெரிய பெரிய எண்கள் போட்டிருக்கும். அதை அப்படியே நம்ப வேண்டாம். 'ஆன்சி லூமென்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். திரையை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒளியை அளந்து, சராசரி எடுத்துச் சொல்லும் அளவு அது.

கறுப்பை வீச முடியுமா?

இங்கே ஒரு புதிர். படத்தில் ஒருவர் கறுப்புக் கோட்டு போட்டிருக்கிறார். அந்தக் கறுப்பு ஒளியைப் பெட்டி எப்படி வீசியது?

வீசவே இல்லை! கறுப்பு ஒளி என்று ஒன்று கிடையாது. கோட்டு இருக்கும் இடத்தில் பெட்டி ஒளியை நிறுத்திவிடுகிறது, அவ்வளவுதான். நீங்கள் பார்க்கும் கறுப்பு உண்மையில் ஒளி படாத வெள்ளை வேட்டி. சுற்றிலும் வெளிச்சம் இருப்பதால் அது கறுப்பாகத் தெரிகிறது. அப்படியானால் படத்தின் கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்கும்? உங்கள் அறையின் இருட்டு எவ்வளவோ அவ்வளவுதான்.

அதனால்தான் பகலில் படம் எடுபடுவதில்லை. 200 லூமென் தரும் பெட்டி எங்கள் வேட்டியின் 1.55 சதுர மீட்டர் படத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 130 லூமென் ஒளியைத் தருகிறது. சித்திரை மாத நண்பகல் வெயில் நம் முற்றத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் லூமென் கொட்டுகிறது. எப்படி ஈடுகொடுக்க முடியும்? பொழுது சாயும்வரை காத்திருங்கள். திரைக்கு எதிரே எரியும் குழல்விளக்கை அணையுங்கள். நடமாட்டத்துக்கு ஒரு சின்ன விளக்கு திரைக்குப் பின்பக்கம், திரையில் ஒளி படாதபடி இருந்தால் போதும்.

சதுரம் கோணினால்

முதலில் பெட்டியைத் தரையில் வைத்து, மூக்கை மேலே தூக்கினோம். படத்தின் மேல்பக்கம் அகலமாகவும் கீழ்ப்பக்கம் குறுகலாகவும் வந்தது. கணக்குப் புத்தகத்தில் படித்த சரிவகம்! காரணம் உங்களுக்கே தெரியும். திரையின் மேல்பகுதி பெட்டிக்குத் தூரம், கீழ்ப்பகுதி கிட்டம். தூரம் கூடினால் படம் பெரிதாகும் என்று இப்போதுதானே அளந்தோம்?

பல பெட்டிகளில் இதைச் சரிசெய்ய ஒரு பொத்தான் இருக்கும். ஆனால் அது அகன்ற பக்கத்துப் புள்ளிகளை அணைத்துத்தான் படத்தைச் செவ்வகமாக்குகிறது. கண்ணாடிகளில் ஒரு பகுதி வேலையில்லாமல் போய்விடும். அதைவிட நல்ல வழி, பெட்டியை ஒரு முக்காலியின் மேல், திரைக்கு நேராக, அசையாமல் நிறுத்துவது. நாங்கள் ஒரு மர முக்காலியைப் போட்டு, அதன்மேல் உட்காரும் மணைப்பலகையை வைத்தோம். படம் நேரானது.

கொட்டகையைச் சுமந்து வந்தவர்

புரொஜெக்டரைக் கையில் எடுத்துக்கொண்டு போவது இன்றைக்கு வந்த பழக்கம் என்று நினைக்கிறீர்களா? நம் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் திருச்சியில் இந்தக் கதை தொடங்கியது.

1905-ல் திருச்சிக்கு டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு வந்தார். உடல்நலம் கெட்டதால் ஊர் திரும்ப நினைத்தார். தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்துவந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற 22 வயது இளைஞர், அவரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கிக்கொண்டார். வேலையை விட்டார். கூடாரத்தையும் கருவியையும் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். வடக்கே பெஷாவர் வரை, கடல் கடந்து பர்மா, மலேயா வரை போய்ப் படம் காட்டினார். 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கைக் கட்டினார். நம் ஆத்தா, அப்பத்தாக்கள் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த டூரிங் டாக்கீஸ் கொட்டகைகளுக்கெல்லாம் அவர் போட்ட கூடாரமே முன்னோடி.

மின்சாரம் இல்லாத அந்தக் காலத்தில் வெளிச்சத்துக்கு என்ன செய்தார்கள்? ஒரு வழி, சுண்ணாம்பு! ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து எரியும் சுடரில் ஒரு துண்டுச் சுண்ணாம்பைக் காட்டினால், அது உருகாமல் வெள்ளை வெளேரென்று ஒளிரும். எங்கள் முகப்புச் சுவரில் மெருகாக நிற்கிற அதே சுண்ணாம்பு ஒரு காலத்தில் உலகெங்கும் புரொஜெக்டருக்குள்ளே விளக்காக இருந்திருக்கிறது.

ஆனால் அது ஆபத்தான விளக்கு. 1897-ல் பாரிஸில் ஓர் அறக்கொடை விழாவில் படம் காட்டியபோது, புரொஜெக்டர் விளக்குக்கான ஈதர் திரவத்தில் தீப்பற்றி, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அன்றைய படச்சுருளும் எளிதில் தீப்பிடிக்கும் பொருளால் ஆனது. இன்றைய எல்.இ.டி. பெட்டியில் தீச்சுடரும் இல்லை, சுருளும் இல்லை. என்றாலும் அதற்குரிய எச்சரிக்கைகள் இருக்கின்றன.

காரைக்குடிக்காரர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1907-ல் காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன், பக்கத்தில் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ அமைத்துத்தான் 1947-ல் வெளியான 'நாம் இருவர்' படத்தை எடுத்தார். அந்தப் படம் எத்தனை கொட்டகைத் துணிகளில் ஓடியிருக்கும்!

பத்திரம்! ஏன் என்றும் தெரிந்துகொள்ளுங்கள்

முதலாவது, கண். லென்சுக்குள் ஒருபோதும் பார்க்காதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வேட்டியில் 1.55 சதுர மீட்டர் பரப்பில் பரவும் அதே ஒளி, லென்சின் 2 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் அடங்கிக் கிளம்புகிறது. அங்கே அது ஏறத்தாழ 5,000 மடங்கு செறிவு! நம் கண்ணுக்குள் இருக்கும் லென்சு அதை மேலும் குவித்து விழித்திரையில் சேர்க்கும். பெட்டியின் அடியில் ஆர்ஜி1, ஆர்ஜி2, ஆர்ஜி3 என்று எழுதியிருந்தால், அது ஒளியின் ஆபத்தைக் காட்டும் உலகத் தர எண். எண் கூடக்கூட எச்சரிக்கையும் கூட வேண்டும். தவழும் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் பெட்டியை வையுங்கள். திரை முன்னால் நின்று பேச வேண்டுமென்றால் ஒளிக்கு வெளியே, ஓரமாக நில்லுங்கள்.

இரண்டாவது, சூடு. பெட்டி வாங்கும் மின்சாரத்தில் பெரும் பகுதி வெப்பமாகத்தான் மாறுகிறது. உள்ளே இருக்கும் சின்ன விசிறி அதை வெளியே தள்ளுகிறது. மெத்தை, தலையணை, போர்வை மேல் வைத்தால் காற்று போகும் துவாரம் அடைபடும், பெட்டி கொதிக்கும். கெட்டியான பலகையில், சுற்றிலும் ஒரு சாண் இடம் விட்டு வையுங்கள். ஓடும்போது லென்சைக் கையாலோ துணியாலோ மூடாதீர்கள். செறிந்த ஒளி மூடிய பொருளைச் சுடும். நிறுத்தியதும் விசிறி ஓய்ந்து, பெட்டி ஆறிய பிறகே பைக்குள் வையுங்கள். நம் ஊர்ச் செம்மண் தூசு விசிறித் துவாரத்தில் படியாமல், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, உலர்ந்த மென்தூரிகையால் அவ்வப்போது தட்டிவிடுங்கள்.

மூன்றாவது, மின்கலம். கையில் எடுத்துச் செல்லும் பெட்டிகள் பலவற்றில் லித்தியம் அயனி மின்கலம் இருக்கும். அதற்குள் இரண்டு மின்முனைகளையும் ஒரு மெல்லிய சவ்வுதான் பிரித்து வைத்திருக்கிறது. நடுவில் இருப்பது தீப்பிடிக்கக்கூடிய திரவம். கீழே போட்டு நசுங்கினாலோ, குத்துப்பட்டாலோ, அளவுக்கு மீறிச் சூடானாலோ சவ்வு கிழிந்து முனைகள் ஒன்றோடொன்று தொட்டுவிடும். பிறகு சூடு சூட்டை வளர்க்கும், தீயாகலாம். அதனால் பெட்டியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் பெட்டியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். பெட்டி உப்பியிருந்தால் இயக்காமல் பெரியவர்களிடம் காட்டுங்கள்.

இந்த மின்கலங்களை இன்னும் பாதுகாப்பாக எப்படிச் செய்வது என்ற ஆராய்ச்சிக்கு நாம் தூரதேசம் போக வேண்டாம். காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் நிறுவனம் திறக்கப்பட்டது. மின்கலங்களை ஆராயும் விஞ்ஞானிகள் அங்கே வேலை செய்கிறார்கள். உங்களில் ஒருவர் நாளை அங்கே போகலாம்.

நான்காவது, கம்பி. பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் நீளக் கம்பியை ஆள் நடக்கும் வழியில் குறுக்கே விடாதீர்கள். இருட்டில் யாராவது தடுக்கினால் ஆளும் விழுவார், பெட்டியும் விழும். சுவரோரமாகக் கொண்டுபோங்கள். ஈரக்கையால் ப்ளக்கைத் தொடாதீர்கள். முற்றத்தில் தூறல் விழுந்தால், ஆட்டத்தை நிறுத்திவிட்டு முதலில் சுவிட்சை அணையுங்கள். மூன்று முனை ப்ளக்கின் பெரிய முனை நம்மைக் காப்பதற்காக நிலத்தோடு இணைக்கப்பட்டது. அதை உடைத்தோ வளைத்தோ இரண்டு துளைச் சாக்கெட்டில் செருகக் கூடாது.

செய்து பாருங்கள்

காலணி வாங்கிய அட்டைப்பெட்டி, ஓர் உருப்பெருக்குக் கண்ணாடி, ஒரு கைப்பேசி. இவை போதும், சொந்தப் புரொஜெக்டர் செய்துவிடலாம். பெட்டியின் ஒரு பக்கத்தில் கண்ணாடி அளவுக்கு வட்டமாக வெட்டி, கண்ணாடியை ஒட்டுங்கள். வெட்டும் வேலைக்குப் பெரியவர்கள் துணை வேண்டும். உள்ளே கைப்பேசியை, அதன் திரை லென்சைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். வெளிச்சத்தை முழுவதும் கூட்டி, பெட்டியை மூடி, இருட்டறையில் மடிக்காத ஒற்றை வெள்ளைத் துணி ஒன்றைத் தொங்கவிட்டு அதில் காட்டுங்கள். கைப்பேசியை முன்னும் பின்னும் நகர்த்தினால் படம் ஓரிடத்தில் தெளியும்.

படம் தலைகீழாக இருக்கும். சாவித் துவாரத்தில் பார்த்ததுதான். கைப்பேசியைத் தலைகீழாக வைத்துவிடுங்கள், படம் நிமிர்ந்துவிடும். ஆனால் அதில் தமிழ் எழுத்து வந்தால் கவனியுங்கள். இடது வலமாகவும் வலது இடமாகவும் மாறியிருக்கும்! கண்ணாடியில் எழுத்தைப் பார்த்தது போல.

அதை நேராக்க ஒரு வழி இருக்கிறது. எங்கள் வீட்டில் அதைக் கண்டுபிடித்தவள் நாலு வயது வாண்டு ஒருத்தி. எல்லோரும் முன்னால் உட்கார்ந்திருக்க, அவள் துணிக்குப் பின்னால் ஓடிப்போய், "இங்கயும் படம் ஓடுது!" என்று கத்தினாள். பிள்ளைகள் எழுந்து ஓடினார்கள். ஒற்றைத் துணி ஒளியில் ஒரு பகுதியை மறுபக்கம் விட்டுவிடுகிறது. அந்தப் பக்கம் நின்று பார்த்தபோது எழுத்துகள் நேராகிவிட்டன. தோல்பாவைக் கூத்துக் கலைஞர்கள் காலங்காலமாகச் செய்வதும் இதுதான். துணிக்குப் பின்னால் விளக்கும் பாவையும், முன்னால் நாம்.

இருபுறமும் பார்க்கலாம் என்று தெரிந்ததும் பிள்ளைகள் பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம் என்று உட்கார்ந்துகொண்டார்கள். ஆத்தா இடம் மாறவில்லை. ஓரத்துத் தூணில் சாய்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் அவருக்குத் தராத ஒளியை, ஐயாவின் வேட்டி அந்த மூலை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

விடுமுறை முடிந்து எல்லோரும் கிளம்பும்போது வேட்டியை அவிழ்க்கப் போனேன். "கயிறு அப்படியே இருக்கட்டும், அடுத்த வருசம் வருவீங்கல்ல" என்றார் ஆத்தா. வேட்டியை மட்டும் மடித்து, சுருக்கம் விழாமல் பீரோவில் வைத்துவிட்டு வந்தேன்.

உங்கள் வீட்டுச் சுவர், பாய், துணி, தாள் ஒவ்வொன்றிலும் டார்ச் வெளிச்சத்தை அடித்துப் பாருங்கள். எது ஒளியை ஒருவருக்கே தருகிறது, எது எல்லோருக்கும் பகிர்ந்து தருகிறது என்று பட்டியல் போடுங்கள். உங்கள் வீட்டின் நல்ல திரை எதுவென்று அந்தப் பட்டியலே சொல்லிவிடும்.